பனியில் படுத்து எழும்பும் பூ

ரொறன்ரோவில் மார்ச் மாதத்து மூன்றாம் கிழமை. காலை ஏழு மணிக்கு வெளியே மைனஸ் 9 பாகை. தேநீர் போட எழும்பிய அம்மா, சமையலறை யன்னலால் பின்வளவைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உன்ரை பூக்கண்டு செத்துப்போச்சு. வந்து பார்."

போய்ப் பார்த்தேன். முதல்நாள் மாலை மேப்பிள் மரத்தடியில் பன்னிரண்டு பூக்களோடு நிமிர்ந்து நின்ற ஹெலபோர், வெந்நீர் ஊற்றினதுபோல நிலத்தோடு நிலமாகக் கிடந்தது. தண்டுகள் அடியிலிருந்தே சரிந்து, பூக்கள் சருகில் முகம் குப்புற விழுந்திருந்தன. இலைக்காம்புகளின் பச்சை கறுத்து, எண்ணெய் பட்ட கடதாசிபோல ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஐம்பது வருடம் கத்தரியும் மிளகாயும் வைத்து எடுத்தவரின் கண்ணுக்கு அது செத்த கன்றுதான். கத்தரிக் கன்று அந்தக் கோலத்துக்கு வந்தால் பிறகு எழும்பாது.

பதினொரு மணிக்கு வெயில் ஏறியது. அம்மாதான் மறுபடியும் கூப்பிட்டார். தண்டுகள் பாதி எழும்பிவிட்டன. மத்தியானச் சாப்பாடு முடிந்து பார்த்தபோது எல்லாப் பூக்களும் பழைய உயரத்தில், பழையபடி தலை கவிழ்ந்து நின்றன. அம்மா குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். குனிந்து, ஒரு பூவைக் குழந்தையின் நாடியைப் பிடிப்பதுபோலப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். "காலமை செத்துக் கிடந்ததெல்லே? இதென்ன மாயம்?"

அன்று அவருக்கு நின்ற நிலையில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஆறுதலாக எழுதுகிறேன்.

தண்ணீர் உறையும்போது பருக்கும், அதனால் உயிரணு வெடித்துச் செடி சாகும் என்று பலர் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. குளிர் இறங்கும்போது பனிக்கட்டி முதலில் உருவாவது உயிரணுக்களுக்கு இடையிலுள்ள வெளிகளில். அங்கே இருக்கும் நீரில் சர்க்கரையும் உப்பும் குறைவு; ஆகவே அது முந்தி உறைகிறது. உறைந்த அந்தக் கட்டி, பக்கத்து உயிரணுக்களுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கத் தொடங்குகிறது. தக்காளி, கத்தரி போன்ற வெப்பநாட்டுச் செடிகளின் உயிரணு மென்சவ்வு இந்த இழுவைக்குப் பழக்கப்படாதது. அது கிழிந்து, வெயில் ஏறியதும் உள்ளே இருந்த சாறெல்லாம் வடிந்து, இலை கறுத்துப்போகும்.

ஹெலபோரின் உயிரணுக்கள் நீரை விட்டுக்கொடுக்கின்றன. நீர் வெளியேற வெளியேற உள்ளே மிஞ்சும் சாறு பாகாகத் தடிக்கிறது. பாகு எளிதில் உறையாது. ஆனால் நீர் போனதும் உயிரணுவின் விறைப்பும் போய்விடும். இலையையும் இளந்தண்டையும் நிமிர்த்தி வைத்திருப்பது மரத்தன்மை அல்ல, உள்ளே நிறைந்த நீரின் அழுத்தம். காற்றுப் போன சைக்கிள் ரியூப் போலத் தண்டு சரிகிறது. வெயில் வந்து வெளியிலுள்ள பனிக்கட்டி உருகினால், அந்த நீரை உயிரணுக்கள் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். தண்டு எழும்பும். ஒரே பூத்தண்டு ஒரு பருவத்தில் பத்துப் பதினைந்து தடவை இப்படி விழுந்து எழும்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

விழுந்து கிடக்கும் நேரத்தில் அதைத் தொடக்கூடாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரக்கப்பட்டு வெந்நீர் ஊற்றுவதும், தண்டைத் தூக்கிக் குச்சியில் கட்டுவதும், பனிக்கட்டிகள் நிறைந்த திசுவை நாமே நசுக்குவதாகும். விட்டுவிட்டால் தானாக எழும்பும்.

ஹெலபோர் இனத்தில் ஏறத்தாழ இருபது வகைகள் உண்டு. பெரும்பாலானவை பால்கன் மலைநாடுகளைச் சேர்ந்தவை. மிச்சம் ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளிலும், துருக்கி, காகசஸ் பக்கத்திலும், மேற்கு ஐரோப்பாவிலும் இருக்கின்றன. ஒன்று மட்டும் தனித்துச் சீனாவின் மலைக்காடுகளில் வளர்கிறது. எங்கள் சமையலறைக் கருஞ்சீரகமும் நாட்டுமருந்துக் கடை அதிவிடயமும் இதே குடும்பத்துப் பிள்ளைகள். ஆங்கிலத்தில் ஒன்றைக் 'கிறிஸ்துமஸ் ரோஜா' என்பார்கள், இன்னொன்றைத் 'தவக்கால ரோஜா' என்பார்கள். ரோஜாவுக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. கிறிஸ்துமஸ் ரோஜாவின் அறிவியல் பெயரில் 'கறுப்பு' என்று பொருள்படும் லத்தீன் சொல் இருக்கிறது, பூவோ பால்வெள்ளை. வேரைத் தோண்டிப் பார்த்தால்தான் பெயரின் காரணம் தெரியும்.

அம்மா அன்று பூவை நிமிர்த்திப் பார்த்தபோது கேட்ட இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. "இதழ் ஏன் இவ்வளவு தடிப்பாய், தோல் மாதிரிக் கிடக்கு?" அவர் இதழ் என்று நினைத்தது இதழே அல்ல. ஹெலபோரில் வெள்ளையாகவும் ஊதாவாகவும் விரிந்திருக்கும் ஐந்தும் புல்லிகள். கத்தரிக்காயின் தலையில் தொப்பிபோல ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் புல்லி. சாதாரணப் பூவில் மொட்டைப் பொத்திக் காப்பாற்றும் அந்தப் பச்சை உறுப்பு, ஹெலபோரில் வண்ணம் பூசிக்கொண்டு இதழின் வேலையைப் பார்க்கிறது. அப்படியானால் உண்மையான இதழ்கள் எங்கே? பூவின் நடுவில், மகரந்தக் கேசரங்களின் அடியைச் சுற்றிச் சிறு சிறு குழல்கள் வட்டமாக இருக்கும். வாய் திறந்த குட்டிக் குப்பிகள் போன்ற அவைதாம் உருமாறிய இதழ்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் தேன் இருக்கும்.

இந்த மாற்றத்தால் ஹெலபோருக்குக் கிடைத்த லாபம் பெரிது. இதழ் என்பது சில நாளில் உதிர்வது; புல்லி பல பூக்களில் உதிராது. சொடக்குத் தக்காளிக் காயைச் சுற்றிப் புல்லி பலூன்போல நின்றுகொள்வதை நினைத்துப் பாருங்கள். ஹெலபோரின் பூ மகரந்தச் சேர்க்கை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு மாதம் அப்படியே நிற்கும். கேசரங்களும் தேன்குழல்களும் கொட்டுண்டுபோகும். புல்லிகள் மட்டும் மெல்ல மெல்லப் பச்சையாகும். அந்தப் பச்சை வெறும் வயோதிபம் அல்ல. குரோஷியாவின் சாக்ரெப் நகரத்து ஆய்வாளர்கள் கிறிஸ்துமஸ் ரோஜாவை வைத்து இதை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். புல்லிக்குள் பச்சையம் புதிதாக உருவாகிறது; அது இலையைப்போல வெயிலில் உணவு தயாரிக்கிறது. சூலகத்தை நீக்கிவிட்டால் புல்லி முழுதாகப் பச்சையாகாது. வளரும் விதைகளிடமிருந்து வரும் ஹார்மோன் செய்தியே வெள்ளைப் புல்லியைப் பச்சை இலையாக மாற்றுகிறது. ஸ்பெயினில் இன்னொரு வகை ஹெலபோரின் புல்லிகளைக் கத்தரித்துப் பார்த்தபோது விதைகள் எடை குறைந்து சிறுத்தன. வண்டைக் கூப்பிட விரித்த விளம்பரப் பலகையே, வேலை முடிந்ததும் பிள்ளைக்குச் சோறாக்கும் அடுப்பாகிவிடுகிறது. மரங்கள் இன்னும் துளிர்க்காத காலத்தில், தரையில் விழும் வெயில் முழுவதும் தனக்கே என்று இருக்கும் இரண்டு மாதத்தில், இது சிறிய வசதி அல்ல.

பூ ஏன் எப்போதும் தலை கவிழ்ந்தே நிற்கிறது என்பதற்கும் காலநிலைதான் காரணம். மழையும் பனியும் நேரே உள்ளே விழுந்தால் மகரந்தம் ஊறிக் கெடும், தேன் நீர்த்துப்போகும். கவிழ்ந்த கிண்ணத்துக்குள் அவை காய்ந்தபடி இருக்கின்றன.

ஆனால் யாருக்காக இந்தத் தேன்? குளிர்காலம் முடியாத வேளையில் பூப்பதால் போட்டிக்கு வேறு பூ அதிகம் இல்லை என்பது உண்மை. வாடிக்கையாளரும் அதிகம் இல்லை. இங்கே 'பம்பிள்பீ' என்று சொல்லும் தடித்த, மயிர் அடர்ந்த தேனீக்களில் ராணிகள் மட்டுமே குளிர்காலத்தை மண்ணுக்குள் தூங்கிக் கழிக்கும். வெயில் கொஞ்சம் பட்டதும் பசியோடு வெளியே வரும். பறக்கத் தசைகளைச் சூடாக்கவே அவற்றுக்குப் பெருமளவு சர்க்கரை செலவாகும். அந்தப் பசியில் அவை தேடி வருவது ஹெலபோரை.

இங்கே கதைக்குள் மூன்றாவது ஆள் ஒருவர் வருகிறார். 2010இல் ஸ்பெயினைச் சேர்ந்த கார்லோஸ் எரேராவும் மரியா போசோவும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது தென்கிழக்கு ஸ்பெயினின் மலைக்காட்டில் குளிர்காலத்தில் பூக்கும் ஒரு ஹெலபோர் வகை. இலையைக் கசக்கினால் நாறும் என்பதால் 'நாறும் ஹெலபோர்' என்று பெயர். அதன் தேன்குழல்களுக்குள் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் வாழ்வதை அவர்கள் முன்பே கண்டிருந்தார்கள். பூவுக்குப் பூ தாவும் தேனீயின் நாக்கோடு அது பரவுகிறது. தேனிலுள்ள சர்க்கரையைத் தின்று பெருகும்போது ஈஸ்ட் வெப்பத்தை வெளிவிடும். மிக நுண்ணிய வெப்பமானியைக் குழலுக்குள் வைத்து அளந்தார்கள். ஈஸ்ட் நிறைந்த குழல்கள், ஈஸ்ட் இல்லாதவற்றைவிடச் சூடாக இருந்தன; சிலவற்றில் வித்தியாசம் 6 பாகையைத் தொட்டது. வெளியே குளிர் வாட்டும்போது பூவுக்குள் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

ரொறன்ரோவில் தோசைக்கு அரைத்த மாவைப் புளிக்க வைக்க நாங்கள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். இரவு முழுக்க ஓவனுக்குள் விளக்கைப் போட்டு, அந்தச் சிறு சூட்டில் சட்டியை வைப்போம். கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கு நாங்கள் சூடு கொடுக்கிறோம். ஹெலபோரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பூவுக்குச் சூடு கொடுக்கின்றன.

அழகான கதைதான். ஆனால் ஈஸ்ட் அந்தச் சூட்டை இலவசமாகக் கொடுப்பதில்லை. அது எரிப்பது தேனீக்கு வைத்த சர்க்கரையை. அதே குழுவினர் சில வருடங்களில் தொடர்ந்து செய்த ஆய்வில், தேனீக்கள் ஈஸ்ட் இருக்கும் பூக்களைத்தான் தேடிப் போகின்றன என்று தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: ஈஸ்ட் சேர்ந்த பூக்களில் விதை நன்றாகப் பிடிக்கவில்லை. தேனீக்கு விருப்பம், ஈஸ்ட்டுக்கு லாபம், செடிக்கு நட்டம். இயற்கையில் எல்லாரும் எல்லாருக்கும் உதவுகிறார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தச் சின்னக் குழலுக்குள் நடக்கும் கணக்கு அவ்வளவு எளிதாகத் தீர்வதில்லை. அதனாலேயே ஒவ்வொரு வசந்தத்திலும் நான் நிலத்தில் முழங்கால் ஊன்றி ஒரு பூவையாவது நிமிர்த்தி அந்தக் குழல்களைப் பார்க்காமல் விடுவதில்லை.

இப்போது வளவுக்கு வருவோம். குளிர்நாட்டில் ஹெலபோர் வைத்தவர்கள் அதைப் பறிகொடுப்பது பெரும்பாலும் உறைபனியால் அல்ல என்பதை நான் என் கையாலேயே கற்றேன். என் முதல் கன்று ஒரு பேரங்காடியில், டிசம்பரில், மினுங்கும் தாள் சுற்றிய சட்டியில் வாங்கியது. சூடான கண்ணாடிக் கூடத்தில் பூக்க வைத்த கிறிஸ்துமஸ் ரோஜா. வரவேற்பறையில் வெப்பக் காற்று வரும் துவாரத்துக்கு அருகில் வைத்தேன். ஒரு மாதத்தில் இலைகள் மஞ்சளாயின. வசந்தத்தில் வெளியே நட்டேன். குளிரில் வேர் பத்திரமாக இருக்கட்டும் என்று ஆழமாகப் புதைத்தேன். அடுத்த குளிர்காலம் வந்ததும் மேலே ஒரு பிளாஸ்டிக் வாளியையும் கவிழ்த்து வைத்தேன். ஏப்ரலில் வாளியைத் தூக்கியபோது உள்ளே சாம்பல்நிறப் பூஞ்சையும் கூழாகிய தண்டும்தான் மிஞ்சின. நான் செய்த ஒவ்வொன்றும் குளிருக்குப் பயந்து செய்தது. அதுதான் கன்றைக் கொன்றது.

இதன் வேர் ஈரத்தில் நிற்கக்கூடாது. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் எங்கள் மண் களி. பனி உருகும் மார்ச்சில், அடிமண் இன்னும் உறைந்திருக்க, மேலே உருகிய நீர் இறங்க வழியில்லாமல் குளம்போலத் தேங்கும். அந்த இரண்டு கிழமைதான் ஹெலபோருக்குக் கண்டம். சரிவான இடமோ, 20 சென்டிமீட்டர் உயர்த்திய மேடோ இருந்தால் தப்பிவிடும். இலைமக்கை நிறையக் கலக்க வேண்டும். தென் ஒன்ராறியோ மண்ணில் இயல்பாகவே சுண்ணாம்பு உண்டு. ஹெலபோருக்கு அது பிடிக்கும், தனியே போட வேண்டியதில்லை. வேரும் தண்டும் சந்திக்கும் முடிச்சு மண்ணுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குமேல் போகக்கூடாது. கிறிஸ்துமஸ் ரோஜாவை இன்னும் மேலாகவே நடலாம். ஆழம் போனால் செடி இருக்கும், பூ வராது. இடம் என்று பார்த்தால் இலையுதிர் மரத்தின் அடியைவிடச் சிறந்தது இல்லை: மார்ச்சில் முழு வெயில், யூலையில் நிழல்.

இரண்டாவது எதிரி காற்று. ஹெலபோரின் இலை குளிர்காலத்திலும் பச்சையாக நிற்பது. பெப்ரவரியில் வெயிலும் வறண்ட காற்றும் அந்த இலையிலிருந்து நீரை உறிஞ்சும். மண் கட்டியாக உறைந்திருப்பதால் வேரால் ஈடுகட்ட முடியாது. பனிக்கு நடுவில் நிற்கும் செடி தாகத்தில் கருகுகிறது. இதற்கு இயற்கை கொடுத்த காப்பு பனிப்பொழிவுதான். புதுப் பனியில் பெரும்பகுதி காற்று. ஓலைக்கூரை வெக்கையைத் தடுப்பதுபோல அது குளிரைத் தடுக்கும். வெளியே மைனஸ் 20 இருக்கும்போதும் ஒரு முழம் பனிக்கு அடியில் மண் பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். கியூபெக்கில் எங்களைவிடக் கடுங்குளிரில் ஹெலபோர் பிழைக்கிறது என்றால், அங்கே பனி விழுந்தால் வசந்தம்வரை கிடக்கும் என்பதே காரணம். ரொறன்ரோவில் ஏரிக்கரைக் காலநிலையால் தை மாதத்தில் ஒருநாள் மழை பெய்து பனியெல்லாம் கரையும்; மறுநாள் இரவு மைனஸ் 18 வரும். போர்வையை உருவிவிட்டுக் குளிரவிடுவது போன்றது அது. கிறிஸ்துமஸ் முடிந்து தெருவோரம் போடும் மரங்களிலிருந்து நான் கிளைகளை வெட்டி வந்து செடிகளின்மேல் தளர்வாகப் பரப்பி வைப்பேன். காற்றைத் தடுக்கும், விழுகிற பனியைப் பிடித்து வைக்கும், ஈரத்தைப் பொத்தாது. பிளாஸ்டிக் வாளியால் செய்ய முடியாததை இந்த வெட்டுக்கிளைகள் செய்கின்றன.

ஹெலபோர் பற்றிய நல்ல புத்தகங்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில் எழுதப்பட்டவை. பழைய இலைகளை டிசம்பரில் வெட்டிவிடு என்று அவை சொல்லும். இலையில் கறுப்புப் புள்ளி விழுத்தும் பூஞ்சை அந்தப் பழைய இலையில் தங்கி, இளந்தண்டுக்குத் தாவும். வெட்டினால் நோயும் குறையும், பூவும் வெளியே தெரியும். அறிவுரை சரியானது, மாதம்தான் எங்களுக்குச் சரியில்லை. இங்கே அந்தப் பழைய இலைகள், எவ்வளவு கருகியிருந்தாலும், நடுவில் பொதிந்திருக்கும் மொட்டுக்கு ஒரு குடை. நான் மார்ச் நடுவில், மொட்டு அசையத் தொடங்கும்போதுதான் கத்தரியை எடுப்பேன். வெட்டிய இலையை மக்குக் குவியலில் போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்டத்தில் அழகுக்காக இரசாயன மருந்து அடிப்பது 2009 முதல் தடை. ஆகவே துப்புரவே எங்கள் மருந்து. இலை நரம்பை ஒட்டிக் கறுப்புக் கோடுகள் வலைபோல ஓடி, புதுத் தளிர் முறுக்கிக்கொண்டு வந்தால் அது பூஞ்சை அல்ல, வைரஸ். அதற்கு வைத்தியம் கிடையாது. செடிப்பேன்தான் அதைக் கடத்துகிறது என்று கருதப்படுகிறது. செடியை வேரோடு தோண்டிக் குப்பையில் போடுவது ஒன்றே வழி. ஆறு வருடம் வளர்த்ததை அப்படிப் போட்டிருக்கிறேன். கை வரவில்லை, ஆனாலும் போட வேண்டியிருந்தது.

எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மைனஸ் 30ஐத் தொடும் ஊர் என்றால் கிறிஸ்துமஸ் ரோஜா. ரொறன்ரோ போன்ற இடத்தில் கீழைநாட்டுக் கலப்பினங்கள் எல்லாமே தாங்கும். கோர்சிக்காத் தீவின் ஹெலபோரும் மயோர்க்காத் தீவின் ஹெலபோரும் படத்தில் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் இங்கே வேண்டாம். அவை மத்தியதரைக் கடலின் பிள்ளைகள்.

கலப்பினங்களின் வரலாறு ஒரு சில மனிதர்களின் பிடிவாதத்தில் நடந்தது. இங்கிலாந்தின் மால்வேர்ன் மலையோரத்தில் ஹெலன் பலார்ட் என்ற பெண்மணி பல பத்தாண்டுகள் நல்ல வண்ணங்களைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தார். 1971இல் எலிசபெத் ஸ்ட்ராங்மன் அன்றைய யூகோஸ்லாவியாவின் மொண்டெனேக்ரோ மலையில் அடுக்குப் பூவோடு நின்ற இரண்டு காட்டுச் செடிகளைக் கண்டார். அவற்றுக்கு டைடோ, ஈனியாஸ் என்று பெயர் வைத்தார். தேன்குழல் ஆகவேண்டியவை மறுபடி இதழாக விரிந்திருந்த செடிகள் அவை. இன்று கடையில் வாங்கும் அடுக்கு ஹெலபோர்கள் பலவற்றின் வம்சத்தில் அந்த மலைச்செடிகளின் இரத்தம் உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் குழல் இதழானால் தேன் போய்விடும். பசியோடு வரும் ராணித் தேனீயை நினைத்து, என் வளவில் ஒற்றைப் பூக்களே அதிகம்.

அம்மா ஒருநாள் நாலைந்து பூக்களைக் கொய்து, பித்தளைத் தட்டில் தண்ணீர் விட்டு மிதக்க வைத்தார். ஹெலபோருக்கு அதுதான் சரியான முறை. சாடியில் வைத்தால் விரைவில் வாடும், முகமும் தெரியாது. ஆனால் தட்டைச் சாப்பாட்டு மேசையில் வைக்க வேண்டாம் என்று சொன்னேன். "ஏன், அலரி மாதிரியே?" என்று கேட்டார். அவ்வளவு துல்லியமான கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அலரியில் இருப்பதுபோலவே இதயத்துடிப்பைக் குழப்பும் நச்சு வகை ஒன்று ஹெலபோரின் பல இனங்களின் வேரில் இருக்கிறது. சாறு பட்டால் தோலும் எரியும். விதை எடுக்கும்போது கையுறை வேண்டும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றி எழுதிய பவுசானியாஸ், அவர் காலத்துக்கு ஏழு நூற்றாண்டுக்கு முந்திய ஒரு முற்றுகையைச் சொல்கிறார். கிர்ரா நகரத்துக்கு ஓடும் ஆற்றை மறித்து, அதில் ஹெலபோர் வேரைக் கலந்து திரும்பத் திறந்துவிட்டார்களாம். தாகத்தில் குடித்த காவலர்கள் வயிற்றோட்டத்தில் மதிலை விட்டு ஓட, நகரம் விழுந்ததாம். யோசனை சொன்னவர் ஏதென்ஸுக்குச் சட்டம் தந்த சோலோன் என்கிறார் அவர். என் வளவில் இந்த நஞ்சுக்கு அமைதியான பயன் ஒன்று உண்டு: ரியூலிப்பைக் கிள்ளித் தின்னும் முயல்கள் ஹெலபோரை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ரூஜ் பள்ளத்தாக்கை ஒட்டிய வீடுகளில் மான்களும் அப்படித்தான்.

கடைசியாக விதை. ஒரு முறை பொட்டலத்தில் வந்த உலர்ந்த விதைகளை, குளிர்நாட்டுச் செடிதானே என்று மூன்று மாதம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விதைத்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. பிறகுதான் காரணம் புரிந்தது. யூனில் காய் வெடித்து விழும்போது ஹெலபோர் விதைக்குள் இருக்கும் கரு இன்னும் முழுமையடையாத ஒரு துளி. அது வளர முதலில் வெப்பம் வேண்டும், இரண்டு மூன்று மாதம், ஈர மண்ணுக்குள். அதன் பிறகுதான் குளிர் வேண்டும். வெப்பம் காணாத விதைக்குக் குளிர் ஒரு செய்தியே அல்ல. காய்ந்துவிட்டால் இன்னும் ஆழமாகத் தூங்கிவிடும். விழுந்த கையோடு விதைத்து, சட்டியை வெளியே விட்டுவிட்டால், ரொறன்ரோவின் கோடையும் குளிர்காலமும் சரியான வரிசையில் வந்து தங்கள் வேலையைச் செய்யும். அடுத்த வசந்தத்தில் முளை. அதன் பின் பூவுக்கு மூன்று வருடம்.

நான் விதைக்காமலும் முளைக்கின்றன. விதையின் ஒரு பக்கத்தில் கொழுப்பு நிறைந்த வெள்ளைத் தடிப்பு ஒன்று இருக்கும். ஆமணக்கு விதையின் நுனியில் மொட்டுப்போல இருக்கிறதே, அதே வேலைக்கு வந்தது. போன வருடம் யூனில் ஒரு மாலை முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய் வெடித்து, கறுப்பு விதைகள் குவியலாக விழுந்து கிடந்தன. நடைபாதைக் கல்லுக்கு அடியிலிருந்து வந்த எறும்புகள் ஒவ்வொரு விதையையும் அந்த வெள்ளைத் தடிப்பில் கவ்வி, பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போயின. தடிப்பைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடும். அப்படிப் போட்ட இடங்களில், கல் இடுக்கிலும் அயலவரின் வேலியடியிலும், இந்த ஏப்ரலில் பதினேழு முளைகளை எண்ணினேன். எல்லாம் கலப்பினத்தின் பிள்ளைகள். எது எந்த நிறம் என்று தாய்ச் செடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. கல்லிடுக்கில் மிதிபட இருந்த இரண்டை அம்மா கரண்டியால் தோண்டி, தன் கறிவேப்பிலைச் சட்டிக்குப் பக்கத்தில் தனிச் சட்டியில் வைத்தார். குளிர் தொடங்கியதும் கறிவேப்பிலை வீட்டுக்குள் வந்தது. அந்த இரண்டையும் சட்டியிலிருந்து எடுத்து அவரே மேப்பிள் அடியில் நட்டார். "இதுகளுக்கு வெளியிலைதான் சுகம்" என்றார்.